எதை வைத்துக் கட்டுவது? 'வேர்விதால்' என்னும் பழைய ஆங்கிலச் சொல்

ஆங்கில நாளிதழ்களின் தலையங்கங்களிலும் நிதிப் பக்கங்களிலும் 'வேர்விதால்' (wherewithal) என்றொரு சொல் இன்றும் அவ்வப்போது தென்படுகிறது. பேச்சில் அதைக் கேட்பது அரிது. படிக்கும்போது எதிர்ப்பட்டால், வாக்கியத்தின் போக்கை வைத்துப் பொருளை ஊகித்துக்கொண்டு நம்மில் பலர் கடந்துவிடுவோம். அகராதியைப் புரட்டினால், ஒரு காரியத்துக்குத் தேவையான பணம் அல்லது வசதி என்று பொருள் இருக்கும். அது சரிதான் என்றாலும், பணம், சொத்து, வளம் ஆகிய சொற்களோடு இதையும் ஒரே வரிசையில் வைத்துவிட்டால் இதன் தனித்தன்மை தவறிப்போகும். ஒருவருக்குச் சொத்து இருக்கிறது என்று சொல்லி வாக்கியத்தை முடித்துவிடலாம். வேர்விதால் இருக்கிறது என்று மட்டும் சொன்னால், எதைச் செய்வதற்கு என்ற கேள்வி உடனே எழும். வீடு கட்டுவதற்கா, வழக்கு நடத்துவதற்கா, வரி செலுத்துவதற்கா என்பது தெரிந்தால்தான் அந்தச் சொல் முழுமை பெறும். ஒரு குறிப்பிட்ட செலவுக்கு ஈடுகொடுக்கும்படி, தேவைப்படும் நேரத்தில் கைவசம் இருப்பது எதுவோ அதுவே வேர்விதால். செல்வந்தர் ஒருவரிடம் அது இல்லாமல் போகலாம். சிறுவணிகர் ஒருவரிடம் அது இருக்கலாம். இந்த நுட்பம் அச்சொல் பிறந்த விதத்திலிருந்து வருவது. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க வரிச்சட்டம் இதே நுட்பத்தைப் பற்றிக்கொண்டு ஒரு கொள்கையையே வளர்த்தது.

சொல்லைப் பிரித்தால் மூன்று சிறு சொற்கள் கிடைக்கும்: 'வேர்', 'வித்', 'ஆல்'. எங்கே என்பதற்கான ஆங்கில வினாச்சொல்லே இங்குள்ள 'வேர்'. ஆனால் இக்கூட்டில் அது இடத்தைக் குறிக்கவில்லை. எது, எந்த என்னும் பொருளில் நிற்கிறது. பழைய ஆங்கிலத்தில் ஒரு பொருளைச் சுட்டி 'எதனால்', 'எதில்', 'எதன்' என்றெல்லாம் சொல்வதற்கு இடத்தைக் குறிக்கும் சொல்லோடு முன்னிடைச் சொல்லை ஒட்டிக்கொள்வது வழக்கம். 'வேர்பை', 'வேரின்', 'வேராஃப்' என்று சட்ட ஆவணங்களில் இன்றும் தொடரும் சொற்கள் அவ்வாறு உருவானவையே. நம்மூர்க் கிரயப் பத்திரங்களின் ஆங்கில வடிவத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குடும்பம் நன்கு பழக்கமானது. ஜெர்மன் மொழியில் இம்முறை இன்றளவும் அன்றாடப் பேச்சில் உயிரோடு இருக்கிறது: எங்கே என்பதற்கு 'வோ', உடன் என்பதற்கு 'மிட்', இரண்டும் சேர்ந்தால் 'வோமிட்', அதாவது எதைக் கொண்டு. டச்சு மொழியின் 'வார்மே' என்ற சொல்லும் அதே அமைப்புடையது. ஜெர்மானியர் கடைத்தெருவில் சாதாரணமாகப் புழங்கும் ஒன்றை ஆங்கிலேயர் வழக்கறிஞர்களிடமும் தேவாலயங்களிடமும் விட்டுவிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும்.

நடுவிலுள்ள 'வித்' என்னும் சொல்லின் வரலாறு இன்னும் சுவையானது. இன்று அதற்கு உடன், கொண்டு என்பவையே பொருள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் அதன் முதன்மையான பொருள் எதிர் என்பதாகும். எதிர்த்து நிற்பதைக் குறிக்கும் 'வித்ஸ்டான்ட்' என்ற சொல்லில் அப்பழம்பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உடன் என்பதைக் குறிக்க அன்றிருந்த சொல் 'மிட்'. ஜெர்மனில் இன்றும் அதுதான். ஆங்கிலத்தில் அது ஏறக்குறைய மறைந்துவிட்டது. மருத்துவச்சியைக் குறிக்கும் 'மிட்வைஃப்' என்ற சொல்லில் மட்டும், பேறுகாலத்தில் உடனிருக்கும் பெண் என்ற பொருளில் தங்கியிருக்கிறது. எதிர் என்று பொருள்பட்ட சொல் எப்படி உடன் என்று மாறியது என வியக்க வேண்டியதில்லை. இருவர் சண்டையிடும்போது ஒருவர் மற்றவருக்கு எதிராகவும் இருக்கிறார், அவரோடு சேர்ந்து ஒரே செயலில் ஈடுபட்டும் இருக்கிறார். 'அவனோடு சண்டை போட்டான்' என்று தமிழில் நாமும் சொல்கிறோம். அந்த 'ஓடு' பகையைச் சுட்டுகிறதா துணையைச் சுட்டுகிறதா என்று நாம் யோசிப்பதே இல்லை.

'வித்' என்பதோடு எல்லாம் என்னும் பொருளுடைய 'ஆல்' சேர்ந்து 'விதால்' ஆனது. அனைத்தோடும், மேலும், கூடவே என்று அதற்குப் பொருள் விரிந்தது. நாளடைவில் வெறும் 'வித்' என்பதற்குப் பதிலாக, அழுத்தம் வேண்டும் இடங்களில் வாக்கியத்தின் இறுதியில் வரும் சொல்லாகவும் அது பயன்பட்டது. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் இவ்விரு பயன்பாடுகளையும் காணலாம். பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்த 'விதால்' என்பதன் முன்னே 'வேர்' வந்து சேர்ந்தபோது நம் சொல் பிறந்தது. அப்போது அது பெயர்ச்சொல் அன்று, 'எதைக் கொண்டு?' என்ற கேள்வியாகவும், 'எதைக் கொண்டு ஒன்றைச் செய்கிறோமோ அது' என்ற இணைப்புச் சொல்லாகவுமே இருந்தது.

அக்காலத்து எழுத்தில் அதற்குப் புகழ் தேடித்தந்தது விவிலிய மொழிபெயர்ப்பு. மைல்ஸ் கவர்டேல் 1530களில் செய்த சங்கீத (விவிலியத் துதிப்பாடல்) மொழிபெயர்ப்பை இங்கிலாந்துத் திருச்சபையின் பொது ஜெபப் புத்தகம் ஏற்றுக்கொண்டது. 1611-இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் பதிப்பிலும் அதே சொல் இடம்பெற்றது. சங்கீதம் 119-இன் ஒன்பதாம் வசனம் 'வேர்விதால்' என்றுதான் தொடங்குகிறது. தமிழ்க் கிறித்தவர்கள் பலருக்கு மனப்பாடமாகத் தெரிந்த வசனம் அது: 'வாலிபன் தன் வழியை எதினால் சுத்தம்பண்ணுவான்?' அந்த 'எதினால்' என்பதற்கு நேரான ஆங்கிலச் சொல்லே வேர்விதால். லத்தீனில் அது 'இன் குவோ'. எபிரேய மூலத்தில் 'பம்மே'. 'ப' என்பது இல், ஆல் போன்ற உருபு, 'மே' என்பது என்ன என்னும் வினா. அச்சங்கீதம் எபிரேய அகரவரிசைப்படி எட்டெட்டு வசனங்களாக, 22 பகுதிகளாக அமைந்தது. ஒன்பதாம் வசனம் இரண்டாம் எழுத்தான 'பேத்' பகுதியின் தொடக்கம். ஆகவே அப்பகுதியின் எட்டு வசனங்களும் பகர ஒலியில் தொடங்கியாக வேண்டும். கவிஞர் தன் கேள்வியை 'எதினால்' என்று தொடங்கியதற்கு அந்த யாப்புக் கட்டாயமும் ஒரு காரணம் என்று கருத இடமிருக்கிறது.

மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் வரும் இடம் வேறு வகையில் கவனிக்கத்தக்கது. உணவு, பானம், உடை குறித்துக் கவலைப்படாதிருங்கள் என்னும் அவ்வசனத்தில் ஜேம்ஸ் மன்னர் பதிப்பு முதல் இரண்டுக்கும் 'என்ன' என்ற எளிய வினாவைப் போட்டுவிட்டு, உடைக்கு மட்டும் 'வேர்விதால்' என்கிறது. கிரேக்க மூலத்தில் இந்த வேறுபாடு இல்லை. மூன்று இடத்திலும், என்ன என்று பொருள்படும் ஒரே 'தி'தான். 'என்னத்தை உண்போம், என்னத்தைக் குடிப்போம், என்னத்தை உடுப்போம்' என்னும் தமிழ் மொழிபெயர்ப்பு மூலத்தின் அடுக்கை அப்படியே காப்பாற்றியிருக்கிறது. லத்தீன் பதிப்பு மூன்றாவதை மட்டும் 'எதனால்' என்று மாற்றியிருந்தது. விவிலியத்தை ஜெர்மனில் மொழிபெயர்த்த மார்ட்டின் லூத்தரும் அவ்விடத்தில் 'வோமிட்' என்றே எழுதினார். உணவை உண்கிறோம், நீரைக் குடிக்கிறோம், ஆடையால் உடலை மூடிக்கொள்கிறோம் என்ற இலக்கண உணர்வு அவர்களை அவ்வாறு எழுதச் செய்திருக்க வேண்டும். எப்படியாயினும், தினமும் வேதம் வாசித்த ஆங்கிலேயக் குடும்பங்களில் இச்சொல் உடுக்க என்ன இருக்கிறது என்ற இல்லாமையின் கவலையோடு சேர்த்தே காதில் விழுந்தது. பிற்காலத்தில் அது வசதி என்ற பொருளை நோக்கிச் சாய்ந்ததற்கு இந்தப் பழக்கமும் துணைபோயிருக்கலாம் என்பது என் எண்ணம்.

கேள்விச்சொல் எவ்வாறு பெயர்ச்சொல் ஆயிற்று? இடைப்பட்ட கட்டம் ஒன்று உண்டு. 'கடனைக் கட்ட எதைக் கொண்டு கட்டுவதோ அது என்னிடம் இல்லை' என்று சொல்ல வேண்டிய இடத்தில், 'கட்டுவதற்கு எதைக்கொண்டு என்பது என்னிடம் இல்லை' என்பது போன்ற சுருக்கமான வழக்கு ஆங்கிலத்தில் இருந்தது. அங்கே வினாச்சொல் தனக்குள்ளேயே விடையையும் அடக்கிக்கொண்டு நிற்கிறது. அதன் முன்னே 'தி' என்னும் ஆங்கிலச் சுட்டு வந்து அமர்ந்ததும் அது முழுப் பெயர்ச்சொல் ஆகிவிட்டது. 'எதைக் கொண்டு' என்பது 'அந்த எதைக்கொண்டு' ஆனது என்று வைத்துக்கொள்ளலாம். இன்றும் அச்சொல் பெரும்பாலும் அந்தச் சுட்டோடுதான் வருகிறது. பன்மை வடிவம் எடுப்பதில்லை. அதைத் தொடர்ந்து ஒரு வினையெச்சம் அல்லது நோக்கம் வருவது அதன் இயல்பு. வசதியைக் குறிக்கும் 'மீன்ஸ்' என்ற சொல்லை வைத்து ஆங்கிலத்தில் வசதியுள்ள மனிதர் என்று சொல்ல முடியும். வேர்விதாலை வைத்து அப்படிச் சொன்னால் காதுக்கு ஒட்டாது.

இத்தகைய மாற்றம் ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று. பிரெஞ்சு மொழியில் 'த குவா' என்றால் எதைக் கொண்டு, எதிலிருந்து என்று பொருள். 'அவருக்கு த குவா இருக்கிறது' என்றால் அவர் வசதியானவர் என்று ஆகிவிடும். ஸ்பானிய மொழியில் 'எதைக்கொண்டு இல்லை' என்று சொன்னால் கையில் காசில்லை என்று அர்த்தம். தமிழ்ப் பேச்சிலும் இதன் முதற்பாதி அப்படியே உண்டு. 'எதை வைத்துக் கல்யாணம் பண்ணுவது?', 'எதை வைத்துக் கடனை அடைப்பது?' என்று கேட்கும் தகப்பன் வேர்விதாலைத்தான் கேட்கிறார். ஆனால் அந்த 'எதை வைத்து' என்பதை நாம் பெயர்ச்சொல்லாக்கிக்கொள்ளவில்லை. அதற்குத் தேவையும் எழவில்லை. வழிவகை, கைமுதல், வக்கு என்று வேறு வேர்களிலிருந்து வந்த சொற்கள் அவ்விடத்தை நிரப்பிவிட்டன. இவற்றில் வேர்விதாலுக்கு மிக நெருங்கியது வக்கு என்றே தோன்றுகிறது. அதுவும் தனித்து நிற்பதில்லை. 'வாங்கிக் கொடுக்க வக்கில்லை' என்று ஒரு வினையை முன்னிட்டே வரும். எதிர்மறையிலும் ஏளனத்திலும் மட்டுமே பெரும்பாலும் பயன்படுவதால், நாளிதழ் மொழிபெயர்ப்பில் அதைக் கையாள முடியாது என்பது ஒரு குறை.

அண்டை வீட்டுச் சொற்கள் இரண்டைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். வளத்தைக் குறிக்கும் 'ரிசோர்ஸ்', மீண்டும் எழுதல் என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. நெருக்கடியில் விழுந்தவர் எழுந்து நிற்க உதவுவது என்பது அதன் அடிப்படை. மேலே சொன்ன 'மீன்ஸ்' என்பது நடுவிலிருப்பது என்ற கருத்திலிருந்து வளர்ந்தது. நோக்கத்துக்கும் அதை அடைய நினைப்பவருக்கும் இடையே நிற்கும் கருவி அது. வேர்விதாலுக்குள் இத்தகைய உருவகம் எதுவும் கிடையாது. அது இன்னும் ஒரு கேள்விதான். சமீப காலத்தில் மனத்திண்மை, அரசியல் துணிவு போன்றவற்றுக்கும் அச்சொல்லை விரித்துப் பயன்படுத்துகிறார்கள். அதில் தவறில்லை, அங்கும் எதைச் செய்வதற்கு என்ற பகுதி வந்தே தீர வேண்டும்.

இச்சொல்லின் நுட்பம் வெறும் நடையழகு இல்லை என்பதைக் காட்ட அமெரிக்க வருமான வரிச் சட்டமே சிறந்த சான்று. 1916-ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனம் தன் பங்குதாரர்களுக்கு ரொக்கம் தராமல், வைத்திருக்கும் பங்குகளில் பாதியளவு புதிய பங்குகளை, நம் சந்தை மொழியில் போனஸ் பங்குகளை, வழங்கியது. மர்ட்டில் மெக்கோம்பர் என்பவரிடம் 2,200 பங்குகள் இருந்தன. அவருக்குக் கூடுதலாக 1,100 பங்குகள் கிடைத்தன. அவற்றில் 198.77 பங்குகள், வருமான வரி நடைமுறைக்கு வந்த 1913 மார்ச்சுக்குப் பின் நிறுவனம் ஈட்டிய இலாபத்தைக் குறிப்பவை என்று கணக்கிட்டு, 19,877 டாலரை அவருடைய வருமானமாக எடுத்துக்கொண்டு அரசு வரி விதித்தது. மறுப்புத் தெரிவித்தபடியே வரியைக் கட்டிய அவர், அதைத் திரும்பப் பெற வழக்குத் தொடுத்தார். 1920 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

நீதிபதி மாலன் பிட்னி எழுதிய அத்தீர்ப்பின் வாதம் எளிமையானது. எல்லாப் பங்குதாரர்களுக்கும் ஒரே விகிதத்தில் பங்குகள் கூடியதால் நிறுவனத்தில் மெக்கோம்பரின் உரிமை விகிதம் மாறவே இல்லை. நிறுவனத்தின் கஜானாவிலிருந்து ஒரு டாலர்கூட வெளியே வந்து அவர் கையில் சேரவில்லை. புதிய பங்குகளை விற்றுப் பணமாக்கலாமே என்ற கேள்விக்கு, விற்றால் நிறுவனத்தில் அவருக்குள்ள உரிமையே குறைந்துவிடும் என்றும், விற்காத வரையில், வேறு வசதி இல்லாத பங்குதாரரிடம் அப்பங்குகளுக்கு வரி கட்டுவதற்கான வேர்விதால் இருக்காது என்றும் தீர்ப்பு விடை கூறியது. அவ்விடத்தில் அந்தச் சொல்லையே நீதிபதி எழுதியிருக்கிறார். அங்கே பணம் என்றோ சொத்து என்றோ எழுதியிருந்தால் வாதம் தடுமாறியிருக்கும். பங்கும் சொத்துதான், அதன் மதிப்பும் பணத்தில்தான் அளக்கப்படுகிறது. இந்த வரியை இப்போது எதை வைத்துக் கட்டுவது என்ற கேள்விக்கு மட்டும் அந்தப் பங்கு விடையாகாது.

மறுப்புத் தீர்ப்பு எழுதிய நீதிபதி பிராண்டைஸின் பார்வையும் வலுவானது. நிறுவனம் முதலில் ரொக்கமாக ஈவுத்தொகையைக் கொடுத்துவிட்டு, அதே பணத்தில் புதிய பங்குகளை வாங்கிக்கொள்ளும் வாய்ப்பையும் அளித்திருந்தால் விளைவு ஒன்றாகவே இருந்திருக்கும். ஆனால் அப்போது வரி உண்டு. வடிவத்தை மாற்றியதால் மட்டும் வரி எப்படி மறைந்துபோகும் என்பது அவர் எழுப்பிய கேள்வி. சந்தையில் எளிதில் விற்கக்கூடிய பங்குகளை வைத்திருக்கும் பெருஞ்செல்வரிடம் கட்ட ஏதுமில்லை என்று வாதிடுவதில் ஒரு செயற்கைத்தன்மை இருக்கத்தான் செய்கிறது. அத்தகைய செல்வர் அந்தப் பங்குகளை அடமானம் வைத்துக் கடன் வாங்கலாம். அந்தக் கடன் வருமானம் ஆகாது என்பதால் அதற்கு வரியும் கிடையாது. கையில் பணம் வராத வரை வரி இல்லை என்னும் இந்தக் கொள்கையின் பயன் உண்மையில் தேவைப்படுகிறவர்களைவிட அது தேவைப்படாதவர்களுக்கே கூடுதலாகப் போய்ச் சேர்கிறது என்ற விமர்சனம் அமெரிக்காவில் இன்றும் உரக்கக் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

இருந்தபோதிலும், வரி கட்டும் வேர்விதால் என்பது அந்நாட்டு வரிச்சட்டப் பாடநூல்களில் ஒரு தனிக் கோட்பாடாகவே வேரூன்றிவிட்டது. ஒரு நிலத்தைக் கொடுத்து அதே வகையான இன்னொரு நிலத்தைப் பெறுபவர் மதிப்பு உயர்வுக்கு அப்போதே வரி கட்ட வேண்டியதில்லை என்று கூறும் 1031-ஆம் பிரிவும், தவணை முறையில் விற்றவர் பணம் வர வர வரி கட்டினால் போதும் என்று கூறும் 453-ஆம் பிரிவும் இதன் அடிப்படையிலேயே விளக்கப்படுகின்றன. ஒரு லட்சம் டாலருக்கு வாங்கிய நிலம் ஐந்து லட்சமாக உயர்ந்து, அதைக் கொடுத்து வேறொரு நிலம் பெற்றால், நான்கு லட்சம் ஆதாயம் காகிதத்தில் இருக்கிறது. வரி கட்ட வேண்டுமானால் நிலத்தின் ஒரு மூலையை வெட்டி விற்க வேண்டியிருக்கும். இச்சலுகை 2018 முதல் அசையாச் சொத்துகளுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டுவிட்டது.

கோட்பாட்டுக்கு வெளியே நிற்கும் எடுத்துக்காட்டுகளும் உண்டு. 2004 செப்டம்பரில் ஓப்ரா வின்ஃப்ரே தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பார்வையாளர்கள் 276 பேருக்குத் தலைக்கு ஒரு போன்டியாக் கார் பரிசாகக் கிடைக்கச் செய்தார். பரிசு என்றாலும் அமெரிக்கச் சட்டப்படி காரின் விலை முழுவதும் வருமானம். அவரவர் வருமானத்தைப் பொறுத்து ஏறக்குறைய 7,000 டாலர் வரை வரி கட்ட நேர்ந்தது. கார் கையில் இருக்கிறது, வரி கட்டப் பணம் இல்லை என்ற நிலையில் அகப்பட்டவர்களுக்குச் சட்டம் எந்த விலக்கும் தரவில்லை.

இந்தியாவிலும் இதே சிக்கல் வேறு பெயரில் வந்தது. புதுத்தொழில் நிறுவனங்கள் ஊழியர்களுக்குச் சம்பளத்தின் ஒரு பகுதியாகப் பங்குகளைக் கொடுக்கும்போது, விற்கவே வழியில்லாத அந்தப் பங்குகளுக்குச் சம்பள வருமானமாக உடனே வரி கட்ட வேண்டியிருந்தது. 2020-ஆம் ஆண்டு நிதிச் சட்டம், தகுதி பெற்ற புதுத்தொழில் நிறுவனங்களின் ஊழியர்களுக்கு அந்த வரியைத் தள்ளிவைத்தது: அவர் பங்கை விற்கும்போது, அல்லது வேலையை விட்டு விலகும்போது, அல்லது உரிய மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதங்கள் கழியும்போது, இவற்றில் எது முந்துகிறதோ அப்போது கட்டினால் போதும். விற்றால் கையில் பணம் வரும் என்ற முதல் நிபந்தனை கோட்பாட்டோடு ஒத்துப்போகிறது. மற்ற இரண்டும் அரசின் பொறுமைக்கு இடப்பட்ட எல்லைகள்.

மெக்கோம்பர் வழக்கின் பழைய கேள்வி 2024-இல் மீண்டும் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்புக்கு வந்தபோது, அதன் ஒரு முனை பெங்களூரில் இருந்தது. வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த மூர் தம்பதி, சிறு விவசாயிகளுக்குக் கருவிகள் விற்கும் கிசான்கிராஃப்ட் என்ற இந்திய நிறுவனத்தில் 2006-இல் 40,000 டாலர் முதலீடு செய்திருந்தனர். நிறுவனம் இலாபம் ஈட்டியது. ஆனால் ஈவுத்தொகை கொடுக்காமல் அதைத் தொழிலிலேயே போட்டுவந்தது. வெளிநாட்டு நிறுவனங்களில் தேங்கிய இலாபத்தின் மீது ஒருமுறை வரி விதித்த 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவர்களுக்கு 14,729 டாலர் வரி வந்தது. கைக்கு வராத இலாபத்துக்கு வரியா என்பது அவர்களுடைய வாதம். நிறுவனத்தின் கைக்கு வந்த வருமானத்தை அதன் பங்குதாரர்களுடையதாகக் கணக்கிட நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று கூறி, ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் வரியை உறுதி செய்தது. யாருடைய கைக்கும் வராத, வெறும் மதிப்பு உயர்வுக்கு வரி விதிக்கலாமா என்ற கேள்விக்குள் தாங்கள் போகவில்லை என்று பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி கவனா வெளிப்படையாகவே குறிப்பிட்டிருக்கிறார்.